கிராமத்து சர்ச் கேஷ்கள்: டப்பாவோடு திரும்பிவிடுகிறீர்களா, கதவையும் தள்ளிப் பார்க்கிறீர்களா?

சதுப்புநிலச்_செல்வம் (ஆஷ்ஃபோர்டு) | சனி, இரவு 9.40

ஜிபிஎஸ் காட்டும் புள்ளிக்குப் போய், யாரோ ஒளித்து வைத்த டப்பாவை, அதாவது கேஷைத் தேடுவதுதான் நம் விளையாட்டு. இன்றைக்கு ஒரு டிஎன்எஃப், தேடியும் கிடைக்காத கேஷ். ரோம்னி மார்ஷில், ஃபேர்ஃபீல்டு பக்கம் ஒரு மைக்ரோ, அதாவது மிகச் சின்ன டப்பா. நாற்பது நிமிடம் துழாவியும் கிடைக்கவில்லை. ஆனாலும் இந்த வருஷத்தில் இப்படி ஒரு நல்ல நாள் அமைந்ததில்லை, அதைச் சொல்லத்தான் இழை தொடங்குகிறேன்.

இடம் தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் கென்ட்டின் தென்கோடி, கடலிடமிருந்து மெல்ல மெல்லப் பிடுங்கிய தட்டை நிலம். ஆடு, நாணல், வாய்க்கால், மறுபடி ஆடு. இங்கே வாய்க்காலுக்குப் பெயரே 'சூவர்'. புதிதாக வந்தபோது வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஊர் முழுக்கச் சாக்கடை ஓடுகிறதே என்று பயந்தேன். வெறும் வடிகால்தான். ஜிபிஎஸ் 210 மீட்டர் என்று ஆசை காட்டும். நேரே நடந்தால் குறுக்கே ஒரு சூவர் படுத்திருக்கும். பாலத்தைத் தேடிப் போனால் இரண்டு கிலோமீட்டர் சுற்று. இன்றைக்குத் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். இடது கால் முழங்கால் வரை உள்ளே போனது. ஷூ இன்னும் காயவில்லை.

ஃபேர்ஃபீல்டு தாமஸ் பெக்கெட் சர்ச் வயல் நடுவில் தன்னந்தனியாக நிற்கிறது. ஊர் இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது ஊர் இல்லை, சர்ச் மட்டும் மிச்சம். சுற்றிலும் தண்ணீர். 1913-இல் ஒரு வரப்புப் பாதை போடும்வரை, வெள்ளக் காலத்தில் படகிலோ குதிரையிலோதான் பூசைக்குப் போக முடியுமாம். சாவி சாலையோரப் பண்ணை வீட்டுச் சுவரில் தொங்குகிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை, எடுத்துக்கொண்டு போய்த் திறந்து, பூட்டி, திரும்ப மாட்ட வேண்டும். என் உள்ளங்கையை விட நீளமான இரும்புச் சாவி. எங்கள் தாத்தா வீட்டு நெல் அறைச் சாவி மாதிரியே கனம்.

வெளியே செங்கல். உள்ளே போனால் முழுக்க மரம். கவிழ்த்துப் போட்ட தோணிக்குள் நிற்பது போல் இருக்கிறது. பழைய மரச்சட்டக் கட்டடத்துக்கு 18-ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் ஒரு சட்டை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இடுப்பளவு உயர்ந்த அடைப்புப் பெஞ்சுகள், வெள்ளைச் சாயம், ஓரத்தில் கறுப்புக் கோடு. மூன்றடுக்குப் பிரசங்க மேடை: கீழ்த்தட்டில் எழுத்தர், நடுவில் வேதம் வாசிப்பு, உச்சியில் பிரசங்கம். ஞானஸ்நானத் தொட்டிக்கு ஏழு பக்கம். எட்டுப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன், ஏழு இதுதான் முதல் தடவை. இரண்டு முறை எண்ணினேன்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காற்றும் ஆடும் தவிர வேறு சத்தம் இல்லை. கேஷ் கிடைத்திருந்தால் டப்பாவுக்குள் இருக்கும் லாக் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த புள்ளிக்கு ஓடியிருப்பேன், நிச்சயமாக. நீங்கள் எல்லாரும் சர்ச் மைக்ரோ எடுக்கும்போது உள்ளே போகிறீர்களா?

---

புதுசு_ரெண்டு (கிரேவ்ஸெண்ட்) | சனி, இரவு 10.15

அண்ணா, நான் இந்த விளையாட்டுக்கு வந்து மூன்று வாரம்தான், மொத்தம் ஆறு கண்டுபிடிப்பு. வீட்டுக்காரரிடம் 'கேஷ் தேடப் போகிறேன்' என்று சொன்னால், 'கிடைத்தால் எனக்கும் கொஞ்சம் கொண்டு வா' என்கிறார்.

சர்ச் மைக்ரோ என்றால் என்ன? கல்லறை இருக்கும் இடத்தில் டப்பா தேடுவது சரிதானா? இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அதனால் கேட்கிறேன்.

---

கணக்கு_வாத்தியார் (ரெடிங்) | சனி, இரவு 10.50

தங்கச்சி, 2000 மே மாதம் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த தடுமாற்றத்தை அமெரிக்கா நீக்கியது. மறுநாளே ஆரிகனில் ஒருவர் ஒரு வாளியைப் புதைத்து வைத்தார். அதில் தொடங்கியதுதான் எல்லாம். சர்ச் மைக்ரோ என்பது இந்த நாட்டுத் தொடர். கிராமத்து சர்ச் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, பெரும்பாலும் பழைய ஃபிலிம் ரோல் டப்பா. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு, எண்கள் எப்போதோ பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. சிவப்பு டெலிபோன் கூண்டும் தபால் பெட்டியும் ஜோடியாகத் தெரியும் இடங்களுக்குத் தனித் தொடர், ரயில் நிலையங்களுக்கு ஒன்று என்று இன்னும் இருக்கின்றன.

கல்லறைத் தோட்டத்துக்குள் டப்பா வைக்க சர்ச்சின் அனுமதி வேண்டும். ஆகையால் பலவற்றை மல்டியாக, அதாவது ஓரிடத்துக் குறிப்பை வைத்து அடுத்த இடத்தைக் கண்டுபிடிக்கும்படி, போடுகிறார்கள். கல்லறையில் இருப்பது எண் மட்டும்தான். 'தெற்கு வாசல் பக்கம் மூன்றாவது கல், இறந்த வருடத்தின் கடைசி எண் அ' என்று கொடுப்பார்கள். கூட்டிக் கழித்தால் டப்பா எங்கேயோ வேலியோரத்தில் இருக்கும்.

செல்வத்தின் கேள்விக்கு நேர்மையான பதில்: நான் உள்ளே போவதில்லை. போன ஞாயிறு ஒரே நாளில் 14 சர்ச் மைக்ரோ. ஒவ்வொன்றிலும் உள்ளே போய் உட்கார்ந்தால் ஐந்துகூடத் தேறாது. நான் விளையாட வருகிறேன், சுற்றுலா வரவில்லை. இதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

---

வடமராட்சியான் (ஹாரோ) | ஞாயிறு, காலை 7.20

வாத்தியார் ஓட்டப் பந்தயம் ஓடுகிறார். சரி, ஓடட்டும்.

செல்வம் அண்ணை, அதே மார்ஷில் ஃபேர்ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே ப்ரூக்லாண்ட் இருக்கிறது. அதை விட்டுவிட்டீர்களே. அங்கே மணிக்கூண்டு சர்ச்சுக்கு மேலே இல்லை, பக்கத்தில் தரையில் நிற்கிறது. மூன்று மரக் கூம்புகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து வைத்த மாதிரி. ஊர்க் கதை என்னவென்றால், ஒரு கிழட்டுப் பிரமச்சாரி கன்னிப் பெண் ஒருத்தியைக் கலியாணம் கட்ட வந்தானாம். இந்த ஊரில் இப்படியும் நடக்குமா என்று அதிர்ந்துபோன கூண்டு மேலேயிருந்து குதித்துவிட்டதாம். உண்மையில் சேற்று நிலம் அந்தப் பாரத்தைத் தாங்காது.

கூண்டை விட உள்ளே இருக்கிற தொட்டிதான் விசேஷம். 12-ஆம் நூற்றாண்டு ஈயத் தொட்டி. வட்டமாகச் சுற்றி இரண்டு வரிசைச் சிற்பம்: மேலே பன்னிரண்டு ராசி, கீழே அந்தந்த மாதத்து வேலை. என்ர மாமி கூட வந்திருந்தா. ஊரில் இருந்து விசிட் விசாவில் வந்தவ. சர்ச் என்றதும் 'நான் காரிலேயே இருக்கிறன் தம்பி' என்றா. மழை பெய்ததால்தான் உள்ளே வந்தா. தொட்டியைச் சுற்றி வந்தவ ஓரிடத்தில் நின்று, 'இது மீனம். இது கும்பம். இது தேள், விருச்சிகம்' என்று விரல் வைத்துச் சொல்லத் தொடங்கிவிட்டா. எழுத்து பழைய பிரெஞ்சு, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமி ஒரு எழுத்தும் வாசிக்காமல் வாசித்தா. பெப்ரவரி மாதக் கட்டத்தில் ஒரு மனிசன் நெருப்புப் பக்கத்தில் குளிர் காய்கிறான். அதைப் பார்த்து, 'இவன் ஒருத்தன்தான் இந்த நாட்டை விளங்கினவன்' என்றா.

அன்றைக்கு நாங்கள் எடுத்த கேஷ் எது என்று இப்போது எனக்கு நினைவே இல்லை.

பக்கத்து ஐவிசர்ச்சில் இன்னொன்று. ஒரு மரக் கூண்டு, காவல்காரன் நிற்கிற பெட்டி போல. மழைக்காலத்தில் அடக்கம் நடக்கும்போது அதைக் கல்லறைக்குத் தூக்கிப் போவார்கள், பாதிரியார் நனையாமல் உள்ளே நின்று செபிப்பார். செத்தவரின் வீட்டுக்காரர் எல்லாம் வெளியே மழையில்.

---

ஈரோட்டுக்_கல்யாணி (ஸ்விண்டன்) | ஞாயிறு, காலை 9.05

வடமராட்சியான் அண்ணா, மாமியை அடுத்த முறை எங்கள் பக்கம் கூட்டி வாருங்கள்.

எனக்கும் முதலில் தயக்கம்தான். நாம் கும்பிடாத சாமி, கூப்பிடாத வீடு. அப்புறம் ஒரு சின்ன விஷயம் என்னை உள்ளே இழுத்தது. வாசல் மண்டபத்தில் 'சேற்றுக் காலணியைக் கழற்றி வையுங்கள்' என்று ஒரு அட்டை. அதற்கு முன்னால் நடைப்பயணிகள் நாலைந்து பேரின் பூட்ஸ் வரிசையாக. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்குப் புதிதா? காலுறையோடு கல் தரையில் வைத்ததும் அந்தக் குளிர் ஏறியதே, பவானி சங்கமேசுவரர் கோவிலில் மார்கழி விடியற்காலையில் நின்ற மாதிரியே இருந்தது.

நான் சொல்ல வந்தது இங்கிள்ஷம். ஸ்விண்டனுக்கு வடக்கே, தேம்ஸ் ஆறு இன்னும் வாய்க்கால் அளவே இருக்கிற இடத்தில் ஒரு சின்ன சர்ச். தேம்ஸ் நடைபாதையில் கேஷ் எடுக்கப் போய் அகப்பட்டது. பெஞ்சுகள் ஆளுக்கொரு திசையில் சாய்ந்திருக்கும். சுவரில் ஓவியத்துக்கு மேல் ஓவியம், அதற்கு மேல் சுண்ணாம்பு, அதற்கு மேல் வேத வசனம். ஒவ்வொரு நூற்றாண்டும் முந்தினதை மறைத்துவிட்டுத் தன்னுடையதை எழுதியிருக்கிறது. இப்போது எல்லாம் உரிந்து, ஒன்றுக்குள் ஒன்று எட்டிப் பார்க்கிறது. ஓர் எழுத்து நடுவில் இன்னொரு காலத்து எழுத்து.

இது தப்பித்ததற்குக் காரணம் வில்லியம் மோரிஸ் என்ற கவிஞர், வடிவமைப்பாளர். கொஞ்ச தூரத்தில் கெல்ம்ஸ்காட்டில் வீடு வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பழைய சர்ச்சைப் 'புதுப்பிக்கிறேன்' என்று பூச்சைச் சுரண்டி, பெஞ்சைப் பிடுங்கி, பளபளவென்று ஆக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எதிராக 1877-இல் ஒரு சங்கமே தொடங்கினார். ஓட்டையை அடை, ஒழுகலை நிறுத்து, மற்றதைத் தொடாதே என்பதுதான் கொள்கை. 1888-89-இல் இங்கிள்ஷமில் அப்படித்தான் பழுதுபார்த்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நம் ஊரில் கும்பாபிஷேகம் என்றால் மணல் வீச்சு அடித்துக் கல்லை வெளுப்பாக்கி, கல்வெட்டு எழுத்து மழுங்கிப்போய், மேலே எனாமல் பெயின்டு அடித்ததெல்லாம் நாம் பார்த்ததுதானே. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மண்டபத் தூணில் நான் சிறுமியாகத் தடவிப் பார்த்த யாளியின் பல் இப்போது இல்லை. பேச்சு எங்கோ போகிறது, விடுங்கள்.

இங்கிள்ஷமில் மேரியும் குழந்தையும் இருக்கும் பழைய சிற்பம் ஒன்று உண்டு, 11-ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் படையெடுத்து வருவதற்கு முந்தையது என்கிறார்கள். ரொம்ப காலம் வெளிச்சுவரில் பதித்திருந்தார்கள். அதிலேயே கோடு கீறி நிழல் பார்த்து நேரம் சொல்லியிருக்கிறார்கள். சாமி சிலையைக் கடிகாரமாக்கியவர்களை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் மரியாதையும் வருகிறது. கையைத் தூக்கி நிழலில் வைத்துப் பாருங்கள், கீறல் விரலுக்குத் தட்டுப்படும்.

---

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 9.30

நல்ல உரையாடல். ஒரு வேண்டுகோள்: டப்பா சரியாக எங்கே இருக்கிறது என்று யாரும் எழுத வேண்டாம். கல்யாணி அக்கா, பழைய சிற்பங்களைத் தொட வேண்டாம் என்றும் சேர்த்துவிடுகிறேன்.

---

ஈரோட்டுக்_கல்யாணி (ஸ்விண்டன்) | ஞாயிறு, காலை 9.34

சரி, தப்புதான். பார்க்க மட்டும் செய்யுங்கள்.

---

நார்ஃபோக்_நல்லதம்பி (நார்விச் பக்கம்) | ஞாயிறு, மதியம் 1.15

இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்றைக்கு எழுதியே ஆகவேண்டும். நான் கேஷர், அதோடு எங்கள் கிராமத்து சர்ச்சுக்குச் சாவி வைத்திருக்கும் தன்னார்வலர்களில் ஒருவன். காலையில் ஒன்பதுக்குத் திறந்து சாயங்காலம் பூட்டுவது என் முறை, வாரம் இரண்டு நாள். ஓர் இந்து எப்படி என்று கேட்பீர்கள். இந்த ஊருக்கு வந்த மறுவாரமே பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டார், கால் வலி, உன் வீடு கிட்டே இருக்கிறது, திறந்துவிடுகிறாயா என்று. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆறு வருஷம் ஆகிறது.

வாத்தியார் ஐயா, உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் நின்று பார்ப்பது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். போன வசந்தத்தில் ஒருவர் வந்தார். போனில் அம்புக்குறி, கண் தரையில். வடக்குச் சுவரில் ஒரு கல்லை ஆட்டிப் பார்த்தார், அடுத்ததை ஆட்டினார். சுண்ணாம்புச் சாந்து பொடிப்பொடியாகக் கொட்டுகிறது. ஓடிப்போய், 'டப்பா சுவரில் இல்லை, இந்த மதிலுக்குள்ளேயே இல்லை' என்றேன். 'குறிப்பில் கல் என்று போட்டிருக்கிறதே' என்றார். கதவு திறந்துதான் இருந்தது. ஒரு தடவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இங்கே கட்டடக் கல் கிடையாது, கிடைத்ததெல்லாம் முட்டை முட்டையாக ஃபிளின்ட், அதாவது சிக்கிமுக்கிக் கல். அதை வைத்து மூலை கட்ட முடியாது. அதனால்தான் நார்ஃபோக்கில் வட்டக் கோபுர சர்ச்சுகள் நூற்றுக்கு மேல் நிற்கின்றன என்று சொல்லுவார்கள். ஒரு கல் கழன்றால் அடுத்தது தானாக ஆடும்.

அப்புறம் நிர்வாகம். இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறத்தாழ 16,000 சர்ச்சுகள். பல கிராமங்களில் ஞாயிறு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் தேறினால் பெரிது. ஆள் இல்லாமல் மூடியவற்றில் கொஞ்சத்தை சர்ச்சுகள் பாதுகாப்பு அறக்கட்டளை எடுத்துக்கொள்கிறது. 1969-இல் தொடங்கியது, கையில் 350-க்கு மேல் இருக்கின்றன. இங்கிள்ஷமும் அவர்களுடையதுதான். மற்றொன்று 'நண்பர்களற்ற சர்ச்சுகளின் நண்பர்கள்'. பெயரே எனக்குப் பிடிக்கும். 1957-இல் ஐவர் புல்மர்-தாமஸ் தொடங்கியது. யாருக்கும் வேண்டாம் என்று விட்ட அறுபதுக்கு மேற்பட்டவற்றை, வேல்ஸில் இருப்பவற்றையும் சேர்த்து, கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு அமைப்புகளும் டிக்கெட் போடுவதில்லை. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் பதித்த உண்டியல், இப்போது சில இடங்களில் கார்டு தட்டும் கருவி. இருக்கிற காசில் பாதி, கூரையின் ஈயத்தகட்டைத் திருடன் உரித்துக்கொண்டு போனபின் மறுபடி வேய்வதற்குச் சரியாகிவிடும். வௌவால் வேறு. சட்டப்படி விரட்ட முடியாது. எச்சம் பித்தளைத் தகட்டை அரிக்கும், துடைக்கிற வேலை நமக்கு.

ஒரு மனிதர் மனது வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹௌட்டன் குன்று மேரி சர்ச்சைப் போய்ப் பாருங்கள், ஸ்வாஃபம் பக்கம். 1992-இல் கூரை இல்லாமல், கொடி மூடிப்போய்க் கிடந்தது. இரவில் சாத்தான் வழிபாட்டுக் கும்பல் வந்துபோய்க்கொண்டிருந்தது. பாப் டேவி என்ற ஓய்வு பெற்ற மனிதர் அதைக் கண்டு, கொடியை வெட்ட ஆரம்பித்து, பல வருஷம் கூடவே இருந்து மீட்டெடுத்தார். பூச்சு உதிர்ந்தபோது அடியில் 11-ஆம் நூற்றாண்டு ஓவியம் இருந்தது. அவர் போயிருக்காவிட்டால் சுவரோடு போயிருக்கும்.

கடைசியாக ஒன்று. வாசல் மண்டபத்தில் கம்பி வலைக் கதவு இருந்தால் தயவுசெய்து சாத்துங்கள். தைலான் குருவி உள்ளே புகுந்துவிட்டால் வெளிச்சம் தெரிகிற கண்ணாடி ஜன்னலில் மோதி மோதி, தண்ணீர் இல்லாமல் செத்துப்போகும். திங்கள்கிழமை கதவைத் திறந்து ஜன்னல் திண்டில் அதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

---

கணக்கு_வாத்தியார் (ரெடிங்) | ஞாயிறு, இரவு 8.00

நல்லதம்பி, கல்லை ஆட்டியவர் நான் இல்லை, நம்புங்கள். அப்படிச் செய்பவரை நானும் திட்டுவேன்.

ஆனால் நீங்கள் எல்லாரும் வெளியே இருப்பதைக் குறைத்துப் பேசுகிறீர்கள். ஒரு கல்லறை எண்ணைச் சரியாக வாசிக்கத் தெரிந்தால் அதுவும் வரலாறுதான். ஒரு மல்டியில் ஒரு கல், பெயரெல்லாம் தேய்ந்துவிட்டது, வருடம் மட்டும் '1731/2' என்று இருந்தது. கடைசி எண் வேண்டும். 1-ஆ, 2-ஆ? ஒன்றைப் போட்டேன். எண் அட்சரேகை நிமிடத்தின் பத்தில் ஒரு பங்கு இடத்தில் உட்கார வேண்டியது. அங்கே ஒன்று பிசகினால் வடக்கு தெற்கில் 185 மீட்டர். நேராக ஒரு காஞ்சொறிப் புதருக்குள் போய் நின்றேன், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. கையெல்லாம் தடிப்பு.

வீட்டுக்கு வந்து தேடினேன். 1752-க்கு முன்னால் இங்கே சட்டப்படி வருடப் பிறப்பு மார்ச் 25. ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் பழைய வருடத்துக் கணக்கு. ஆனால் ஜனவரி ஒன்றை வருடப் பிறப்பாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். குழப்பம் வேண்டாமென்று இரண்டையும் கல்லில் பொறித்துவிட்டார்கள். சித்திரையா தையா என்று நாம் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறோம். இவர்கள் கல்லறையிலேயே சமரசம் செய்திருக்கிறார்கள். மறுநாள் இரண்டைப் போட்டேன், டப்பா கையில்.

இதற்கு உள்ளே போக வேண்டிய தேவை வரவில்லை பாருங்கள்.

---

சதுப்புநிலச்_செல்வம் (ஆஷ்ஃபோர்டு) | ஞாயிறு, இரவு 8.45

வாத்தியார், இது அருமை. இதை வைத்து ஒரு மிஸ்டரி கேஷ், அதான் புதிர் விடுவித்துத் தேடும் கேஷ், போடுங்கள், நான் காஞ்சொறியில் விழத் தயார்.

ஆனால் எண் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. அதைக் கதவுக்கு வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறீர்களே, அதுதான் என் வருத்தம். இதே மார்ஷில் நியூ ரோம்னி நிக்கலஸ் சர்ச்சில் மேற்கு வாசலுக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும். 1287-இல் ஒரு புயல். ஆறே தடம் மாறி ரை என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டது. துறைமுகம் போச்சு, ஊரை வண்டல் மூடியது, தரை மட்டம் ஏறிவிட்டது. உள்ளே தூண்களில் அந்த வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறது என்று காட்டுகிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஏதோ பள்ளத்தில் கட்டிய கதவு என்றுதான் தோன்றும்.

ஓல்டு ரோம்னி சர்ச் வேறு மாதிரி. அடைப்புப் பெஞ்சுகள் முழுக்க இளஞ்சிவப்பு. சேலை கடை அலமாரி மாதிரி. 1963-இல் ஒரு சினிமாப் படப்பிடிப்புக்காக அடித்த சாயம். படம் முடிந்த பிறகு ஊர்க்காரர்களுக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார்கள். கல்யாணி, இது பாதுகாப்பா, கெடுத்ததா?

---

ஈரோட்டுக்_கல்யாணி (ஸ்விண்டன்) | ஞாயிறு, இரவு 9.10

கெடுத்ததுதான். ஆனால் அறுபது வருஷம் ஆகிவிட்டதே, இப்போது அதைச் சுரண்டினால் அதுவும் கெடுத்ததாகிவிடும். மோரிஸை எழுப்பிக் கேட்க வேண்டும்.

---

வடமராட்சியான் (ஹாரோ) | ஞாயிறு, இரவு 9.25

மாமியிடம் காட்டினேன். 'வடிவாத்தான் இருக்கு, விடச் சொல்லு' என்கிறா. முடிந்தது வழக்கு.

---

புதுசு_ரெண்டு (கிரேவ்ஸெண்ட்) | அடுத்த சனி, மாலை 6.30

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குப் போய்வந்தோம்! கூலிங் ஜேம்ஸ் சர்ச். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம், ஹூ தீபகற்பத்தில். நல்லதம்பி அண்ணா சொன்ன அந்த 1969 அறக்கட்டளையுடையது. கதவு திறந்தே இருந்தது.

டப்பாவைப் பெரியவள் கண்டுபிடித்தாள். எங்கே என்று சொல்லமாட்டேன், மட்டுறுத்துநர் பார்க்கிறார். திறந்தால் உள்ளே சுருட்டிய தாள், விரல் அகலம். அப்போதுதான் தெரிந்தது, பேனா கொண்டுவரவில்லை. காரில் தேடினேன், கைப்பையைக் கொட்டினேன், கண் மை பென்சில் ஒன்று கிடைத்தது, அதற்கும் முனை இல்லை. சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான், கையெழுத்துப் போடாவிட்டால் செல்லாது என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பெரியவள் ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு, 'அம்மா, உள்ளே பேனா இருக்கு' என்றாள். வருகைப் பதிவேட்டோடு நூலில் கட்டிய பேனா. நூல் ஒரு முழம். வெளியே கொண்டுபோக முடியாது. வேறு வழி? தாளை எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். அந்த மேசையிலேயே சுருளைப் பிரித்து, ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவன் பிடிக்க, அவள் எழுதினாள்.

போனது போனோம் என்று சுற்றிப் பார்த்தோம். ஒரு மூலையில் சின்ன அறை, பாதிரியார் அங்கி மாட்டும் அறையாம். சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, சிப்பி! கடற்கரையில் பொறுக்குவோமே, அந்தச் சின்னச் சிப்பி, ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறார்கள். ஜேம்ஸ், அதாவது யாக்கோபு பரிசுத்தருக்குச் சிப்பிதான் அடையாளம் என்று பலகையில் இருந்தது. சின்னவன் எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டான்.

வெளியே வரும்போது தெற்குப் பக்கம் ஒரு கல்லறைக் கூட்டம். உருளைக் கட்டை போலச் சின்னச் சின்னக் கல், ஒரு பக்கம் பத்து, மறு பக்கம் மூன்று. நீளம் என் முழங்கையை விடக் கொஞ்சம்தான் அதிகம். எல்லாம் குழந்தைகள். அந்தக் காலத்தில் இந்தச் சதுப்பு நிலங்களில் மலேரியா இருந்ததாமே, இங்கிலாந்தில் மலேரியா என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. பெரியவள் இதையும் எண்ணினாள். பதின்மூன்று என்றாள். அப்புறம் கார் வரைக்கும் பேசவில்லை. பிள்ளைகளோடு போவது சரியா என்று நான் முதலில் கேட்டிருந்தேன். இப்போதும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் கூட்டிப்போனதற்கு வருத்தம் இல்லை.

ஒரு விஷயம். லாக் தாளில் இந்த மாதம் மட்டும் ஏழு பெயர். பதிவேட்டில் ஒருவர்கூட இல்லை.

---

கணக்கு_வாத்தியார் (ரெடிங்) | சனி, மாலை 7.05

தங்கச்சி, வாழ்த்துகள். ஆனால் அந்தக் கணக்கு தப்பு. லாக்கில் புனைபெயர் எழுதுவோம், பதிவேட்டில் சொந்தப் பெயர் எழுதுவார்கள். ஒப்பிட முடியாது.

---

நார்ஃபோக்_நல்லதம்பி (நார்விச் பக்கம்) | சனி, மாலை 7.20

எங்கள் பதிவேட்டில் கேஷர்கள் புனைபெயரும் எழுதுவார்கள், 'கேஷுக்கு நன்றி' என்றும் எழுதுவார்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர் இருக்கும்.

---

கணக்கு_வாத்தியார் (ரெடிங்) | சனி, மாலை 7.31

சரி. கூலிங்கிலிருந்து பக்கத்து சர்ச் மைக்ரோ எவ்வளவு தூரம்? நாளைக்கு அந்தப் பக்கம்தான் வருகிறேன்.

---

புதுசு_ரெண்டு (கிரேவ்ஸெண்ட்) | சனி, மாலை 7.40

அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணா. வரும்போது பேனா கொண்டுவராதீர்கள்.